ஓட்டு இல்லாத தீவுகளுக்கு ஓர் உறுப்பினர்: பிஷப் ஜான் ரிச்சர்ட்சன்

1952-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி டெல்லியில் சுதந்திர இந்தியாவின் முதல் லோக்சபை கூடியது. மொத்த இடங்கள் 499. அவற்றில் 489 இடங்கள் ஓட்டுப் பெட்டி மூலம் நிரப்பப்பட்டவை. மீதிப் பத்து இடங்களுக்கு உரியவர்கள் போஸ்டர் ஒட்டவில்லை, கூட்டம் போடவில்லை, ஜனாதிபதியின் உத்தரவால் நியமிக்கப்பட்டார்கள். காஷ்மீருக்கு ஆறு, ஆங்கிலோ இந்தியருக்கு இரண்டு, அசாமின் பழங்குடிப் பகுதிக்கு ஒன்று, அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஒன்று.

அந்தக் கடைசி ஒன்றுக்கு உரியவர் ஜான் ரிச்சர்ட்சன். அப்போது அவருக்கு வயது 68. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே சுமார் 270 கிலோ மீட்டர் கடலுக்கு அப்பால் உள்ள கார் நிக்கோபார் தீவில், தென்னை மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூட வாத்தியார், பாதிரியார், பிறகு பிஷப். அரசியல் கட்சி எதிலும் பெயர் எடுத்தவர் அல்ல. அந்தத் தீவுகளிலிருந்து நாட்டின் சட்டமன்றம் ஒன்றில் இடம் பெற்ற முதல் மனிதர் அவர்தான். வெள்ளையர் காலத்து மத்திய சட்டசபையில் அந்தமானுக்கு இடம் இருந்ததில்லை. அரசியல் நிர்ணய சபையிலும் இல்லை.

இந்த மனிதரை உருவாக்கியதில் ஒரு தமிழரின் பங்கு உண்டு.

சாலமன் வாத்தியார்

சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போனவர் வேதப்பன் சாலமன். போர்ட் பிளேரில் பணியாற்றிவிட்டு, 1890-களின் நடுவில் கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் செய்த வேலைகளுக்குக் கணக்கில்லை. சர்க்காரின் ஏஜெண்ட் அவரே. வந்து போகும் கப்பல்களின் கணக்கை எழுதுபவர் அவரே. மழையும் காற்றும் எவ்வளவு என்று குறித்து வைப்பவரும் அவரே. மத போதகரும் வாத்தியாரும் அவரே. தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். அந்த நாட்குறிப்பின் பகுதிகள் 1902-ல் லண்டனில் மானிடவியல் சங்கத்தின் இதழில் அச்சேறின. நிக்கோபார் மக்களின் வாழ்க்கையைப் பற்றி வெளியுலகம் அறிந்து கொள்ள உதவிய பழைய ஆவணங்களில் அதுவும் ஒன்று.

தென்னந்தோப்பில் சாலமன் நடத்திய சிறு பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்த பையன்களில் ஒருவன் ஹாச்சேவ்கா. 1884-ல் முஸ் கிராமத்தில் பிறந்தவன். சூட்டிகையான பையன். ஞானஸ்நானத்தில் அவனுக்கு ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயர் விழுந்தது. சாலமன் அவனைத் தீவோடு நிறுத்திவிட விரும்பவில்லை. பர்மாவில் மாந்தளை நகரத்து மிஷன் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். அக்காலத்தில் அந்தமானும் நிக்கோபாரும் சபை நிர்வாகத்தில் ரங்கூன் பிஷப்பின் கீழ் இருந்தன. ஆகவே படிப்பு என்றால் கல்கத்தா அல்ல, பர்மாதான்.

கடலைத் தவிர வேறு எல்லை அறியாத தீவுச் சிறுவன், அரண்மனையும் கோட்டை அகழியும் உள்ள மாந்தளையில் போய்ப் படித்தான். படித்து முடித்தவருக்குப் பர்மாவிலேயே நல்ல உத்தியோகம் கிடைத்திருக்கும். அவர் 1912-ல் தீவுக்கே திரும்பினார். சாலமன் அதற்குள் காலமாகியிருந்தார். அவர் விட்டுப் போன பள்ளிக்கூடத்தைச் சீடர் எடுத்துக் கொண்டார்.

பேச்சுக்கு எழுத்து

நிக்கோபாரி மொழிக்குச் சொந்த எழுத்து இல்லை. ரோமன் எழுத்தில் அதை எழுதும் முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ரிச்சர்ட்சன். பைபிளைத் தம் மக்களின் மொழியில் பெயர்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் உழைத்தார். ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற பாதிரியார் 1925-ல் கார் நிக்கோபாரி மொழிக்கு அகராதி வெளியிட்டார். பேச்சில் மட்டும் இருந்த ஒரு மொழி இப்படித்தான் புத்தகத்துக்கு வந்தது.

வாத்தியார் பந்தும் கொண்டு வந்தார். நிக்கோபாரில் கால்பந்து பரவியதற்கு அவரே காரணம் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். இன்றைக்கும் கார் நிக்கோபார் பையன்கள் கால்பந்தில் கெட்டி.

ஊர் நிர்வாகம் எப்படி நடந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நிக்கோபார் கிராமங்களில் பட்டாமணியம் கிடையாது, மிராசும் கிடையாது. நிலமும் தென்னையும் பன்றிகளும் ‘துஹெத்’ என்ற பெரிய கூட்டுக் குடும்பத்தின் சொத்து. ஊருக்கு ஊர் கேப்டன்கள் உண்டு. கப்பல்காரர்களோடு பேசிப் பழகிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன், மூன்றாம் கேப்டன் என்று வரிசை. சண்டை சச்சரவு, தோப்புத் தகராறு, விருந்து எந்த நாளில் என்பது வரை எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். வாத்தியாரின் சொல்லுக்கு அந்தக் கூட்டங்களில் மதிப்பு இருந்தது. 1934-ல் அவர் பாதிரியாராக அபிஷேகம் பெற்றபோது கார் நிக்கோபாரில் அவரைத் தெரியாத வீடு இல்லை.

ஜப்பான்காரர்கள்

1942 மார்ச் 23-ந் தேதி ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. அதே ஆண்டில் நிக்கோபாரும் அதன் பிடிக்குள் போயிற்று. கார் நிக்கோபார் தட்டையான தீவு. விமானத் தளத்துக்கு ஏற்ற இடம். அதை அமைக்கத் தீவு மக்களை அடித்து வேலை வாங்கினார்கள். தென்னைகள் சாய்ந்தன. சாப்பாட்டுக்குப் பஞ்சம்.

1945-ல் போர் ஜப்பானுக்கு எதிராகத் திரும்பியது. பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. விமானங்களுக்கு யாரோ அடையாளம் காட்டுகிறார்கள் என்ற சந்தேகம் ஜப்பானியத் தளபதிகளுக்கு வந்தது. நிக்கோபார் மக்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள்; பலரைக் கொன்றார்கள். ஆங்கிலம் தெரிந்தவர், பாதிரியார், ஊர் மக்கள் பேச்சைக் கேட்பவர் என்று மூன்று குற்றங்கள் ரிச்சர்ட்சன் மேல் ஏற்கெனவே இருந்தன! அவரும் கைதானார். மரணம் அவரை நெருங்கி நின்றது. போர் முடிந்ததால் உயிர் தப்பினார். கார் நிக்கோபார் கொலைகளுக்காக ஜப்பானிய அதிகாரிகள் மேல் 1946-ல் சிங்கப்பூரில் விசாரணை நடந்தது.

அந்த மூன்றரை ஆண்டுகளில் கேட்பார் யாரும் இல்லை. புகார் கொடுக்க அதிகாரி இல்லை. கேள்வி கேட்க சபை இல்லை. செய்தி போட பத்திரிகை இல்லை. மக்களைக் கொன்ற பிறகுகூட வெளியுலகத்துக்குச் செய்தி போகவில்லை. கேள்வி கேட்பார் இல்லாத ஆட்சி எப்படி இருக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொண்டவர் அல்ல ரிச்சர்ட்சன்.

போருக்குப் பின் சிதறிக் கிடந்த ஊர்களை மறுபடி கூட்டிச் சேர்த்தார். 1950-ல் பிஷப் ஆனார். இரண்டு ஆண்டில் டெல்லியிலிருந்து நியமன உத்தரவு வந்தது.

டெல்லியில் ஓர் இடம்

அந்தமான் நிக்கோபாருக்கு லோக்சபையில் ஓர் இடம் கொடுத்தது 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். கொடுத்த கையோடு, அந்த இடத்தை ஜனாதிபதி நியமனத்தால் நிரப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

ஒரு விதத்தில் இது தாராளம்தான். 1951 மக்கள் தொகைக் கணக்குப்படி தீவுகள் அனைத்திலும் இருந்தவர்கள் 30,971 பேர். நாட்டின் மற்றப் பகுதிகளில் ஐந்து லட்சம் முதல் ஏழரை லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர் என்று அரசியல் சட்டம் அன்று கணக்கு வைத்திருந்தது. இங்கே முப்பத்தோராயிரம் பேருக்கே ஒருவர்.

இன்னொரு விதத்தில் பார்த்தால் சங்கடம் புரியும். சட்டமன்றம் எதற்கு? சட்டம் செய்வதற்கு, வரிப்பணத்தைச் செலவு செய்ய சர்க்காருக்கு அனுமதி கொடுப்பதற்கு, அல்லது மறுப்பதற்கு, மந்திரியை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பதற்கு, நம்பிக்கை போய்விட்டால் மந்திரிசபையையே வீட்டுக்கு அனுப்புவதற்கு. அன்றையச் சென்னை ராஜ்யத்து வாக்காளருக்கு இதற்காக இரண்டு சபைகளில் ஆள் இருந்தது. டெல்லியில் ஓர் எம்.பி.; சென்னைச் சட்டசபையில் ஓர் எம்.எல்.ஏ. அந்தச் சட்டசபையில் 375 இடங்கள். காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்காமல் 1952-ல் நடந்த கூத்து பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ராஜாஜியும் நியமன உறுப்பினராகத்தான் மேல்சபைக்குள் வந்து முதல் மந்திரி ஆனார். ஆனால் ஓட்டு வாங்கி வந்த எம்.எல்.ஏ.க்கள் பெரும்பான்மையாகத் தம் பக்கம் இருப்பதை அவர் காட்ட வேண்டியிருந்தது. நியமனத்துக்கு மேலே ஒரு சபை உட்கார்ந்திருந்தது.

அந்தமானில் அப்படி எதுவும் இல்லை. தீவுகள் அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணையில் ‘டி’ பிரிவில் இருந்தன. போர்ட் பிளேரில் சீஃப் கமிஷனர். அவர் ஜனாதிபதியின் பெயரால் ஆள்பவர். பதில் சொல்ல வேண்டியது டெல்லி உள்துறை அமைச்சகத்துக்கு. உள்துறை மந்திரி பதில் சொல்ல வேண்டியது பாராளுமன்றத்துக்கு. ஜெட்டியில் கூலி பாக்கி, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, கப்பல் வரவில்லை என்று எதுவானாலும், மக்கள் சார்பில் அதிகாரபூர்வமாகக் கேட்கக் கூடிய இடம் ஆயிரம் மைலுக்கு அப்பால் டெல்லியில் இருந்தது. அங்கே அவர்களுக்கு இருந்த நாற்காலி ஒன்றே ஒன்று.

அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்பதும் டெல்லியின் கையில். ஜனாதிபதி மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடப்பவர். அப்படியானால் உள்துறையைக் கேள்வி கேட்க வேண்டிய ஆளைத் தேர்வு செய்வதும் அதே சர்க்கார்தான். தேர்வில் எழுதப் போகிற பையனே கேள்வித்தாள் தயாரிப்பவரைப் பொறுக்கி எடுப்பது போன்ற ஏற்பாடு.

ரிச்சர்ட்சன் விஷயத்தில் இந்தக் கோளாறு பெரிதாகத் தெரியவில்லை. காரணம் அவர் மனிதர் அப்படி. நாற்பது ஆண்டுகளாகப் பாடம் சொல்லி, பிணத்துக்கு மண் போட்டு, ஜப்பான்காரனிடம் அடி வாங்கி, மக்களோடு இருந்தவர். தேர்தல் வைத்திருந்தால் கார் நிக்கோபாரில் அவரை எதிர்த்து டெபாசிட் கட்ட ஆள் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் தீவுகள் என்றால் நிக்கோபார் மட்டும் அல்லவே. போர்ட் பிளேரில் பழைய கைதிகளின் வாரிசுகள், கிழக்கு வங்காளத்திலிருந்து 1949 முதல் குடியேற்றப்பட்ட அகதிகள், ராஞ்சிப் பக்கத்துக் காட்டு வேலைக்காரர்கள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் என்று பல கூட்டம். அவர்களில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல ஆள் கிடைத்தது தீவுகளின் அதிர்ஷ்டம். அந்த முறை கொடுத்த உத்தரவாதம் அல்ல.

நியமன உறுப்பினர் என்பதால் சபையில் அவர் இரண்டாந்தரம் ஆகிவிடவில்லை. கேள்வி கேட்கலாம், பேசலாம், மசோதாக்களுக்கு ஓட்டுப் போடலாம், பட்ஜெட் மானியத்தில் வெட்டுப் பிரேரணை கொடுக்கலாம். ஒன்றே ஒன்று முடியாது. ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு மட்டுமே. 1952 மே மாதம் ராஜேந்திர பிரசாத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அந்தமானுக்கு ஓட்டு இல்லை.

பயணத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. கார் நிக்கோபாரிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல். அது எப்போது வரும் என்பது கடலுக்கும் கப்பல்காரருக்கும் வெளிச்சம். அங்கிருந்து கல்கத்தாவுக்கோ சென்னைக்கோ மூன்று நான்கு நாள் கடல். பிறகு டெல்லிக்கு ரயில். எழுபதை நெருங்கிய மனிதருக்கு இது சின்ன விஷயம் அல்ல. தொகுதிக்கு அடிக்கடி போய் வர வேண்டும் என்று இப்போது எம்.பி.க்களுக்கு அறிவுரை சொல்கிறோம். அவருக்குத் தொகுதிக்குப் போய்த் திரும்புவதற்குள் கூட்டத்தொடரில் பாதி முடிந்துவிடும்.

சபைக்கு வராத சட்டம்

அவர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1956-ல், நிக்கோபார் மக்களுக்கு மிக முக்கியமான சட்டம் ஒன்று வந்தது. ஆதிகுடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை என்பது அதன் பெயர். பழங்குடி மக்கள் வாழும் இடங்கள் ஒதுக்கப்பட்ட பகுதிகள் ஆயின. வெளியார் பாஸ் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. நிலம் வாங்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. கார் நிக்கோபாருக்கு வேலைக்குப் போன தமிழ்க் கொத்தனாரும் குமாஸ்தாவும் கையில் வைத்திருந்த பாஸ் இந்த ஒழுங்குமுறையின் வழியாக வந்ததுதான். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிற்காலத்தில் குடியேற்றப்பட்ட இலங்கைத் தமிழ்க் குடும்பங்களும் இதன் நிழலில்தான் வாழ்ந்தன. நம்மவருக்கு இது தொல்லையாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் இது இல்லையென்றால் நிக்கோபாரின் தென்னந்தோப்புகள் கடனுக்கும் சாராயத்துக்கும் கை மாறியிருக்கும்.

கவனிக்க வேண்டியது வேறு. இது பாராளுமன்றம் விவாதித்து நிறைவேற்றிய சட்டம் அல்ல. அந்தமான் போன்ற பகுதிகளுக்கு ஜனாதிபதியே ஒழுங்குமுறை வெளியிடலாம். அது பாராளுமன்றச் சட்டத்துக்குச் சமமான பலம் உள்ளது. ஏற்கெனவே உள்ள பாராளுமன்றச் சட்டத்தை மாற்றவோ ரத்துச் செய்யவோகூட அதனால் முடியும். அரசியல் சட்டத்தின் 243-ம் பிரிவு அன்று அப்படிச் சொன்னது. 1956 நவம்பரில் தீவுகள் யூனியன் பிரதேசம் ஆன பிறகு 240-ம் பிரிவு அதையே சொல்கிறது. ஆக, தீவுகளுக்கு ஓர் எம்.பி. இருந்தார், தீவுகளுக்கான சட்டம் அவர் உட்கார்ந்திருந்த சபைக்கு வராமலே பிறக்கவும் வழி இருந்தது. நல்ல சட்டம் வந்தால் சரி. வராவிட்டால்?

அடுத்து வந்தவர்கள்

1957-ல் அவருடைய காலம் முடிந்தது. அதன் பின் லட்சுமண் சிங், 1962-ல் நிரஞ்சன் லால் என்று மேலும் இருவர் நியமனத்தால் வந்தார்கள். 1963-ல் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம் வந்தது. இமாசலம், மணிப்பூர், திரிபுரா, கோவா, புதுச்சேரி ஆகியவற்றுக்குச் சட்டசபையும் மந்திரிசபையும் கிடைத்தன. அந்தமானுக்குக் கிடைக்கவில்லை. கடற்கரையில் துண்டு துண்டாகக் கிடக்கும் புதுச்சேரிக்கு முதல் மந்திரி உண்டு. எழுநூறு கிலோ மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தீவுகளுக்குச் சீஃப் கமிஷனர்தான்.

1965-ல் பாராளுமன்றம் இன்னொரு சட்டம் செய்தது. அந்தமான் போன்ற பிரதேசங்களின் லோக்சபை இடங்களை நேரடித் தேர்தலால் நிரப்ப வேண்டும் என்றது அது. 1967 பொதுத் தேர்தலில் தீவு மக்கள் முதன்முறையாக எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க ஓட்டுச் சாவடிக்குப் போனார்கள். முதல் உறுப்பினர் நியமனமாகி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெற்றி பெற்றவர் காங்கிரசின் கே.ஆர்.கணேஷ். அவர் பின்னால் இந்திரா காந்தியின் அரசில் ராஜாங்க மந்திரியாகவும் ஆனார்.

83 வயது பிஷப் இதைப் பார்க்க உயிரோடு இருந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் அந்தமான் நிக்கோபாருக்குத் தனி அத்தியட்சாதீனம் ஏற்பட்டு, அதன் முதல் பிஷப் ஆகியிருந்தார். 1965-ல் பத்மஸ்ரீ, 1975-ல் பத்மபூஷண். 1978 ஜூன் 3-ந் தேதி, தமது 94-ம் வயதில் காலமானார்.

1982-ல் சீஃப் கமிஷனர் பதவி லெப்டினன்ட் கவர்னர் பதவியாக மாறியது. போர்ட் பிளேர் என்ற பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. லோக்சபையில் நியமன உறுப்பினர் என்ற ஏற்பாடே 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. தீவுகளுக்கு லோக்சபையில் இன்றும் ஓர் இடம்தான். ராஜ்யசபையில் இடம் இல்லை. சட்டசபையும் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் முஸ் உட்பட கார் நிக்கோபாரின் கடலோர ஊர்கள் அழிந்தன. பிழைத்தவர்கள் உள்ளே தள்ளிப் புது வீடுகளில் குடியேறினார்கள். அந்தத் தீவின் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் ஆஸ்பத்திரி என்று பெயர்.